கேள்வி மேடை: காசுதான் கதை

கே: ஐவர் அணிகள் மோதும் கணினித் துப்பாக்கி விளையாட்டான வேலோரண்ட் போட்டிகளில் முதல் ரவுண்டில் தோற்றால், தொடர்ந்து நாலு ரவுண்டு சரிகிறோமே, ஏன்?
– கல்லூரி அணி, மன்னார்குடி

ப: குறி தவறுவதாலல்ல தம்பிகளா, ரவுண்டுக்கு முன் ஆயுதம் வாங்கும் கடையில் தவறுகிறீர்கள். தொடக்கத்தில் ஆளுக்கு 800 விளையாட்டுக் காசு. அதை முழுக்கச் செலவழித்துத் தோற்றால் 1,900 வரும். அதையும் கொட்டி இரண்டாவதிலும் தோற்றால் கையில் 2,400தான். 'வேண்டால்' (Vandal) என்ற பெரிய துப்பாக்கியோ 2,900! விதைநெல்லைச் சமைத்துத் தின்ற கதை.

இரண்டாவது ரவுண்டில் எதையும் வாங்காதீர்கள். தோற்றாலும் 4,300 சேரும்: வேண்டால், 1,000க்குக் கனமான கவசம், மிச்சம் 400க்குப் பாத்திரத்தின் சிறப்புத் திறன்கள். ஐவரும் சேர்ந்தே சேமிக்க வேண்டும். ஒருவர் மட்டும் வாங்கினால் வீண். வாங்குமுன் டேப் விசையை அழுத்தி மற்றவர் இருப்பைப் பாருங்கள்.

பார்வையாளர்களுக்கும் சுவாரஸ்யம் அங்கேதான்: வெறும் கைத்துப்பாக்கியோடு வந்த அணி ரவுண்டைப் பறித்தால், எதிரணியின் கணக்கே புரண்டுவிடும்.