சிங்கப்பூர் வட்டாரத்தின் பூர்வகுடிகள் பொருளாதாரத்துக்கு என்ன செய்தார்கள்?

"மீன் பிடித்ததைத் தவிர வேறென்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது.

ஓராங் லாவுட் என்ற கடல் மக்கள் படகிலேயே குடும்பம் நடத்தியவர்கள். காலாங் ஆற்று முகத்தில் ஓராங் காலாங், ஜொகூர் நீரிணைப் பக்கம் ஓராங் செலத்தார் என்று இவர்களில் பல பிரிவுகள். பாறைகளுக்கு நடுவே கப்பல் போகும் வழி அவர்களுக்கு மனப்பாடம். மலாய் மன்னர்களுக்காகக் கடல் பாதையைக் காத்து, வணிகக் கப்பல்களை அந்த மன்னர்களின் துறைமுகங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அவர்கள் சேகரித்த கடல் அட்டை சீனா வரை போனது.

என்னைக் கேட்டால், பெரிய கதை கட்டா பெர்ச்சாதான். ரப்பர் இல்லை, வேறொரு மரத்தின் பால். மலாய் தீபகற்பக் காடுகளில் ஓராங் அஸ்லி என்ற பூர்வகுடி மக்களும் போர்னியோவில் தயாக் மக்களும் சேகரித்தது, 1840களிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. எதற்கு? கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட. 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைத்த கம்பிக்குக்கூட இதே உறைதான். காட்டில் அந்த மரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் அறிவு அந்த மக்களுடையது. கொழுத்த லாபம் பார்த்தது ஜொகூரின் மலாய்த் தலைவரான தெமெங்கோங்கும் இங்கிருந்த வணிகர்களும்.

அப்புறம் ஒன்று: ஒவ்வொரு முறையும் மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். சிங்கப்பூர்க் காடுகளில் அந்த மரம் சீக்கிரமே அரிதாகிவிட்டது.