வேல்ஸ் கோல் சாதனை: ரஷ்ஷா, பேலா, ஃபிஷ்லாக்கா?

"வேல்ஸ் கால்பந்து அணிக்காக அதிக கோல் அடித்தவர் யார்?" என்ற உங்கள் விநாடி வினாக் கேள்விக்கு மூன்று இடங்களில் மூன்று பெயர் கிடைத்ததாகச் சொல்கிறீர்கள். மூன்றுமே பொய் இல்லை.

இயன் ரஷ் 73 ஆட்டங்களில் 28 கோல் அடித்தார். பழைய புத்தகங்களில் அவர் பெயர் இருப்பது அதனால்தான். 2018 மார்ச்சில் சீனாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு கேரத் பேல் அவரைத் தாண்டினார். 2022 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராக அடித்த பெனால்டிதான் அவருடைய 41ஆவது, கடைசி கோல். மொத்தம் 111 ஆட்டங்கள். ஆண்களில் அதுவும் சாதனைதான். அவருக்கு முன் அந்தச் சாதனையை வைத்திருந்த கிறிஸ் கன்டர் 109 ஆட்டங்களில் நின்றுவிட்டார்.

ஆனால் கேள்வியில் "ஆண்கள்" என்று இல்லாவிட்டால் பேல் தவறான விடை. வேல்ஸ் பெண்கள் அணியின் ஜெஸ் ஃபிஷ்லாக் 150 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர். கோலிலும் பேலை முந்திவிட்டார். அதனால் கேள்வியைத் திருத்துங்கள், விடையை அல்ல.

அப்புறம், சுவையான கேள்வி வேண்டுமா? ஹாரி வில்சன் 2013இல் 16 வயதில் பெல்ஜியத்துக்கு எதிராக இறங்கி, வேல்ஸ் ஆண்கள் அணியின் மிக இளைய வீரரானார். பேரன் ஒருநாள் வேல்ஸுக்கு ஆடுவான் என்று அவன் குழந்தையாக இருந்தபோதே 50 பவுண்டு பந்தயம் கட்டிய தாத்தாவுக்கு 1,25,000 பவுண்டு கிடைத்தது!