ஒரே எண், இரண்டு ஊசி

கேள்வி: பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னப் பழகுகிறேன், எங்கள் ஊர் மார்கழிக் குளிர் அப்படி. ஓசூர்க் கடையில் 8-ஆம் எண் ஊசி கேட்டால் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார்கள். இரண்டிலும் 8 என்றே இருக்கிறது. ஆனால் ஒன்று மெலிது, மற்றது தடிமன். எதை வாங்குவது?
- ஒரு வாசகி, தளி

பதில்: கடைக்காரர் ஏமாற்றவில்லை அம்மா. பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்றால் 4 மி.மீ.; அமெரிக்கக் கணக்கில் 5 மி.மீ. முன்னதில் எண் ஏற ஏற ஊசி மெலியும், பின்னதில் தடிக்கும். யார் வகுத்த வழக்கமோ, நம் தலையில் விடிகிறது! எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைக் கேளுங்கள். உல்லன் உருண்டையின் லேபிளில் ஊசிப் படத்தோடு அந்த அளவு பெரும்பாலும் அச்சாகியிருக்கும். டபுள் நிட்டிங் எனும் நடுத்தரத் தடிமன் நூலுக்கு 4 மி.மீ. பொருந்தும்.

பழகுகிறவருக்கு மூங்கில் ஊசியையே சொல்வேன். எஃகு ஊசியில் கண்ணிகள் வழுக்கி ஓடும். தர்மபுரி வெயிலில் வியர்க்கும் என் கைக்கு அது ஒத்தே வராது.

முதலில் சிறு சதுரம் பின்னி, துவைத்து, உலர்த்தி அளந்து பாருங்கள். 10 செ.மீ.க்குள் லேபிள் சொல்வதைவிட அதிகக் கண்ணிகள் விழுந்தால் உங்கள் கை இறுக்கம். சற்றுத் தடித்த ஊசிக்கு மாறுங்கள். இடுப்பு, மணிக்கட்டுப் பட்டைகளுக்கு மட்டும் மெலிந்த ஊசி வேண்டும், 3.25 மி.மீ. போதும். அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், ஓசூருக்கு ஒரு பஸ் டிக்கெட் மிச்சம்.