அரை வரி

மாஸ்ரருக்கு வணக்கம்.

நான் துணுக்காய்ப் பக்கம் இருக்கிறேன். 2009 இல் எனக்கு 11 வயது. பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்று ஒதுங்கி ஒதுங்கி வட்டுவாகல் பாலத்தால் வந்த ஆட்கள் நாங்கள். இப்போது எனக்கு ஒரு மகன், 6 வயது, முதலாம் ஆண்டு. இன்னும் இரவில் பாயை நனைக்கிறான். ஒரு மாதம்கூட நின்றதில்லை. கோயில் திருவிழாவில் வெடி போட்டால் என் மடிக்குள் புகுந்துவிடுவான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு முதல் நான்தான் நிலத்தில் குந்துவேன். 'உன்ர பயம்தான் பிள்ளைக்கும்' என்று மாமி சொல்கிறா. போரின் அதிர்ச்சி மரபணு வழியாக ஏழு தலைமுறைக்குப் போகும் என்று யூரியூப்பில் பார்த்தேன். நரம்பு மண்டலத்தைச் சீராக்கும் ஒன்லைன் வகுப்பு ஒன்றும் இருக்கிறது, காசு கட்ட வேண்டும். பாயை நனைத்தால் சிலநேரம் கோபத்தில் ரெண்டு போட்டுவிடுவேன், பிறகு நானே அழுவேன். பங்கருக்குள் அம்மா என் காதைப் பொத்திக்கொண்டு ஏழாம் வாய்ப்பாடு சொல்ல வைப்பா. அப்படி வளர்ந்த நான் என் இரத்தத்தில் இருந்த பயத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டேனா?

சு.

(கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

அன்புள்ள பிள்ளை,

உம்முடைய கடிதம் வந்த அன்று விடிய, முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இதே விசயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவில் ஒரு பெடியனுக்கு அடி விழுந்துகொண்டிருந்தது. என்ன குற்றமென்று தெரியாது. அடியின் சத்தம் வேலிக்கு இங்கால் வந்தது, அவனுடைய சத்தம் வரவில்லை. சத்தம் போடாமல் அடி வாங்குகிற பிள்ளைகளை எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். பாய் நனைகிற விசயத்தையும் கடைசியில் சொல்கிறேன், மறக்காவிட்டால்.

ஏழு தலைமுறையை முதலில் முடித்துவிடுவோம். நியூயோர்க்கில் ரேச்சல் யெகூடா என்றொரு ஆராய்ச்சியாளர். நாசிகளிடம் இருந்து தப்பிய யூதர்களையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளையும் நெடுங்காலமாக ஆராய்ந்து வருபவர். 2016 இல் அச்சான அவருடைய ஆய்வைத்தான் இந்த வீடியோக்காரர் அதிகம் இழுக்கிறார்கள். அதில் இருந்தவர்கள் எத்தனை பேர்? தப்பியவர்கள் 32, அவர்களுடைய பிள்ளைகள் 22. உடல் பதற்றத்தைக் கையாள்வதில் பங்குள்ள ஒரு மரபணு, அதன்மேல் ஒட்டியிருக்கும் ஒரு இரசாயன அடையாளம், அதை இரத்தத்தில் அளந்தார்கள். பெற்றோரில் அது கூட, பிள்ளைகளில் குறைவு. எதிரெதிர்ப் பக்கம். அந்தப் பிள்ளைகளோ அதே தாய்தகப்பன் வளர்த்த பிள்ளைகள். தாயின் கருவால் வந்ததா, தகப்பன் இரவில் அலறி எழும்பிய வீட்டால் வந்ததா என்று 22 பேரின் இரத்தத்தை வைத்துப் பிரிக்க ஏலாது. மனிதரில் ஏழு தலைமுறையை ஒருவரும் அளந்ததில்லை. அளப்பதென்றால் இருநூறு வருடத்துக்கு ஒரு ஆய்வுகூடத்தைப் பூட்டாமல் வைத்திருக்க வேண்டும்.

வகுப்புக்குக் காசு கட்டாதேயும். முகத்தில் குளிர்தண்ணீர் அடித்தால் நாடித்துடிப்பு இறங்கும் என்று முதல் பாடத்திலேயே சொல்வார்கள். இறங்கும், உண்மைதான், தண்ணீருக்குள் முகம் போனால் எந்த உடம்பும் செய்கிற வேலை அது. உம்முடைய வளவில் கிணறு இருக்குமே. சுனாமிக்குப் பிறகு நம்முடைய வடகிழக்கில் ஒரு முகாமில் 31 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதிக்கு, நடந்ததை முதலில் இருந்து கதையாகச் சொல்ல வைக்கும் சிகிச்சை. மற்றப் பகுதிக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதலாவதில் 81 வீதம், இரண்டாவதில் 71 வீதம் தேறியிருந்தார்கள். செய்தது முகாமுக்குள், உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு. எனவே உடல் சீராகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடனட்டையில்தான் சந்தேகம்.

மாமி சொன்னதை விடும். மாமிமார் சொல்வதற்கு ஆராய்ச்சி தேவைப்பட்டதே இல்லை.

இனி உம்மோடு சண்டை.

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மரபணுவுக்குப் பதினொரு வரி எழுதியிருக்கிறீர். யூரியூப்காரருக்கு நாலு வரி. பிள்ளைக்கு நீர் அடிக்கிறதுக்கு அரை வரி. அதிலும் 'சிலநேரம்', 'ரெண்டு', 'போட்டுவிடுவேன்'. என்ன போட்டீர், கோலமா? கையாலா, அகப்பைக் காம்பாலா, எழுதவில்லை. எத்தனை மணிக்கு என்றும் எழுதவில்லை. நான் சொல்லட்டா? விடிய ஐந்து, ஐந்தரை. தண்ணி அள்ள வேணும், அடுப்பு மூட்ட வேணும், லோன்காரன் வருகிற கிழமை. பாயைத் தொட்டால் ஈரம். பிள்ளை ஒரு கண்ணைத்தான் திறந்திருக்கிறான். நித்திரையில் நடந்த ஒன்றுக்கு நித்திரை கலையமுதல் அடி.

இரவில் சிறுநீரைக் குறைத்து வைக்கிற வாசோபிரெசின் என்றொரு சுரப்பு இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அது இரவில் போதாது. சிறுநீர்ப்பை நிரம்பியும் மூளை எழும்பாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதில் எந்த இடத்துக்கு அகப்பைக் காம்பு போய்ச் சேரும் என்று நினைத்தீர்?

2008 இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. கிளவுடியா கதானி என்ற ஜெர்மன் உளவியலாளரும் கூட்டாளிகளும் நம்முடைய வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இருத்திவைத்துக் கேட்டது. போரைப் பற்றியும் கேட்டார்கள், சுனாமியைப் பற்றியும் கேட்டார்கள், வீட்டைப் பற்றியும் கேட்டார்கள். போரின் ஏதாவது ஒரு கொடுமையைக் கண்டவர்கள் நூற்றுக்கு 82 பேர். வீட்டுக்குள் வன்முறையை ஒரு தரமாவது கண்டோ பட்டோ இருந்தவர்கள் நூற்றுக்கு 95 க்கும் மேல். திரும்ப ஒருக்கால் வாசியும். ஷெல் விழுந்த நாட்டில், ஷெல்லைவிடக் கூடப் பிள்ளைகளை எட்டியது வீட்டு அடி. எந்த வீட்டில் அடி கூட என்றும் பார்த்திருக்கிறார்கள். போர் கூடப் பட்ட வீட்டிலும், தகப்பன் குடிக்கிற வீட்டிலும். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று வருடக்கணக்காக எழுதிவந்ததும் இந்தப் பக்கம்தான்: ஆளைத் தனியே பிடித்துப் பார்த்தால் காணாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து அடிபட்டிருக்கிறது.

உமக்கு மரபணுதான் வேணுமென்றால் அதையும் தருகிறேன். நம்முடைய சனம் குளிரில் விறைத்துக்கொண்டு வேலை செய்கிற அதே மொன்றியலில், மக்கில் பல்கலைக்கழகத்தில், மைக்கல் மீனி என்பவர் எலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில தாய் எலிகள் குட்டிகளை ஓயாமல் நக்கும், கோதும். சிலது அவ்வளவு நக்காது. நக்கல் குறைந்த குட்டி வளர்ந்து சின்னச் சத்தத்துக்கும் பதறும், பதறினால் அடங்க நேரம் எடுக்கும். சரி, இரத்தமாக்கும் என்று நினைப்போம். பிறந்த கையோடு குட்டிகளை மாற்றி வைத்தார்கள். நக்காத தாயின் குட்டியை நக்குகிற தாயிடம் விட்டார்கள். அது அமைதியான எலியாக வளர்ந்தது. 2004 இல் வந்த ஆய்வில் மூளைக்குள் மரபணுவின் மேல் இருந்த அடையாளத்தையும் காட்டினார்கள். அது வளர்த்த தாயின் நாக்குப் போட்ட அடையாளம். இரத்தம், இரத்தம் என்று நீர் எழுதுகிறீர். உம்முடைய வீட்டில் நாக்கு என்ன செய்கிறது, கை என்ன செய்கிறது?

இவ்வளவு கத்துகிற நான் யார் என்று கேட்பீர். கேட்கத்தான் வேணும்.

1999. மல்லாவிப் பக்கம் ஒரு கொட்டில் பள்ளிக்கூடம். கிடுகுக் கூரை, மண் குந்து, இடம்பெயர்ந்த பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் கலந்து ஐந்தாம் ஆண்டில் ஐம்பது பேருக்கு மேல். புலமைப்பரிசில் வகுப்பு. நான் பின்னம் படிப்பிக்கிறேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெடியன் கரும்பலகையைப் பார்க்கமாட்டான். கழுத்தைக் கொஞ்சம் சரித்து, வாயைக் கொஞ்சம் திறந்து, கூரைக்கு மேலே எங்கேயோ. ஒரு கிழமை பொறுத்தேன். அதைவிட எரிச்சல், அவனைச் சுற்றி இருக்கிற ஏழெட்டுப் பிள்ளைகளும் பலகையை விட்டுவிட்டு அவனைப் பார்ப்பார்கள். வகுப்பைக் குழப்புகிறான் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். கையை நீட்டினான். பூவரசங்கம்பு, மூன்று. கையை இழுக்கவில்லை, அழவில்லை, கழுத்து மட்டும் மூன்று அடிக்கும் அதே சரிவில் நின்றது. நாலாவதுக்கு ஓங்கினபோது முன்வரிசையில் ஒரு பெட்டை எழும்பி, 'சேர், அவனுக்கு அடிக்காதேங்கோ, அவனுக்குத்தான் கிபிர் முதல் கேக்கும்' என்றாள். கிபிர் என்றால் குண்டு போட வருகிற விமானம்.

அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு சைரனை வைத்திருந்திருக்கிறார்கள். அவன் கழுத்து அசைந்தால் பங்கர், அசையாவிட்டால் பின்னம். ஒரு கிழமையாக ஐம்பது பிள்ளைகளுக்கும் எனக்கும் சேர்த்துக் காவல் இருந்தவனுக்கு நான் கம்பால் கூலி கொடுத்தேன். அன்று கிபிர் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தது. அவன் எழும்பினான், வகுப்பு எழும்பியது, நானும் ஓடினேன். குழிக்குள் அவன் எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். என் சேர்ட்டின் கீழ்த்தையலைப் பிடித்துக்கொண்டிருந்தான், அடி வாங்கின கையால்.

மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் வாத்தியார் பெடியனிடம் மன்னிப்புக் கேட்பது எனக்குத் தெரியாத பாசை. 2005 இல் கல்வி அமைச்சு 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் பள்ளிக்கூடத்தில் அடியைத் தடுத்தபோது என் கம்பு எப்போதோ அடுப்புக்குள் போயிருந்தது. ஆனால் அவனிடம் போய்ச் சொல்லவில்லை. 2009 க்குப் பிறகு செட்டிகுளம் முகாமிலும் வெளியிலும் விசாரித்தேன். இருக்கிறான் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர்.

நீர் இன்றைக்குப் பின்னேரமே உம்முடைய மகனிடம் சொல்லலாம், அவன் வீட்டில்தான் இருக்கிறான். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்கர், கைக்குழந்தைகளையும் தாய்மாரையும் படம் பிடித்து விநாடி விநாடியாகப் பார்த்தவர். நல்ல தாய்மார்கூடக் குழந்தையோடு சரியாக ஒத்துப்போகிற நேரம் நூற்றுக்கு 30 அளவுதான் என்று கண்டார். மிச்சம் முழுக்கத் தவறவிடுவதும் திரும்பப் பிடிப்பதும். நீர் தவறவிட்டீர், திரும்பப் பிடியும். நீளமாக அழுது கதைக்க வேண்டாம், பிள்ளை பயந்துபோவான். 'அம்மா அடிச்சது பிழை, இனி அடிக்கமாட்டன்' என்றால் காணும். சொன்னபடி நடக்கவும் வேணும்.

வெடிக்கு நீர் குந்துவதைப் பற்றி வெட்கப்படாதேயும். நானும் குந்துவேன். பெரியவர்கள் இரண்டு பேர் திருவிழாவில் குந்தினால் என்ன, கோயில் சாய்ந்துவிடுமா? குந்தின பிறகு சிரித்துக்கொண்டு எழும்பும், அவன் உம்முடைய முகத்தைத்தான் பார்ப்பான்.

அதை எனக்குச் சொல்லித்தந்தது உம்முடைய அம்மாதான். 1940 களில் ஜெர்மன்காரன் லண்டனில் குண்டு போட்ட காலத்தில் பிள்ளைகளின் மனதை ஆராய்ந்த அனா பிராய்டும் டொரதி பேர்லிங்கமும் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் காப்பகங்கள் நடத்தினார்கள். குண்டுக்குள் தாயோடு இருந்த பிள்ளைகள், தாய் பதறாதவரைக்கும், பெரிதாகக் குலையவில்லை என்று கண்டார்கள். பத்திரமான இடத்துக்கு என்று தாயைப் பிரித்து அனுப்பின பிள்ளைகள்தான் கூடக் குலைந்தார்கள். இதையெல்லாம் வாசித்தா உம்முடைய அம்மா பொக்கணையில் காதைப் பொத்தினா? சேலையைக் கிழித்துத் தைத்து மண் நிரப்பின மூட்டைகளுக்கு நடுவில், கஞ்சிக்கு அரிசி இல்லாத நாளில், ஏழாம் வாய்ப்பாடு. அதுவும் ஏழாம் வாய்ப்பாடு! ஐந்தாம் வாய்ப்பாடு என்றால் வாய் தானாகச் சொல்லும், காது வெளியே போய்விடும். ஏழேழு, ஏழெட்டு என்று வருகிற இடத்தில் பிள்ளை யோசித்தே ஆக வேணும். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த எனக்கு அந்த யுக்தி வரவில்லை.

பாய். மறக்கவில்லை.

ஐந்து வயதில் நூற்றுக்கு 15 பிள்ளைகள் அளவில் இரவில் நனைப்பார்கள். வருடா வருடம் அதில் ஒரு பகுதி தானாக நின்றுவிடும். மலச்சிக்கல் இருந்தால் கூடும், ஆகவே அதைப் பாரும். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி கொடுக்காதேயும். கிளினிக்கில் ஒருக்கால் சலம் சோதிக்கச் சொல்லும். நின்றிருந்து திரும்பத் தொடங்கினாலோ, பகலிலும் போனாலோ, தண்ணீர் அளவுக்கு மிஞ்சிக் குடித்தாலோ டொக்டரிடம் உடனே கொண்டுபோக வேணும். உம்முடைய மகன் அந்த வகை போலத் தெரியவில்லை.

இன்னொன்று. நீர் தேடின மரபணு இங்கேதான் இருக்கிறது. தாய்தகப்பன் இரண்டு பேரும் சின்னனில் நனைத்தவர்கள் என்றால் பிள்ளையும் நனைக்க நூற்றுக்கு 77 வாய்ப்பு, ஒருவர் என்றால் 44. பங்கருக்குள் ஏழாம் வாய்ப்பாடு சொன்ன உம்மைப் பற்றி உம்முடைய அம்மாவைக் கேளும். பிறகு, நல்ல நேரம் பார்த்து, ஒரு தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்து, மாமியைக் கேளும்: உங்கட மகன் எத்தனை வயது மட்டும் பாயை நனைச்சவர்?

என்ன சொன்னா என்று எனக்கு எழுதும்.

அன்புடன்,
மாஸ்ரர்