ஆய்வேட்டு விருதுக்கான சுருக்கம்: இயலுக்கு ஒரு பத்தி போதுமா?

வணக்கம். ஆசிரியர் பயிற்சி பற்றிய உங்கள் 300 பக்க முனைவர் பட்ட ஆய்வேட்டை விருதுக்காகச் சில பக்கங்களில் சுருக்க வேண்டும், இயலுக்கு ஒரு பத்தி எழுதினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அப்படி இயல் வரிசையில் போனால், முந்தைய ஆய்வுகளின் மீளாய்வே பாதி இடத்தைத் தின்றுவிடும். நடுவர் தேடுவது வேறு: கேள்வி என்ன, அதற்கு இந்த முறை ஏன், புதிதாக என்ன தெரிய வந்தது. முடிவுகளுக்குத் தாராளமாக இடம் கொடுங்கள். ‘குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்பட்டது’ என்று நிறுத்தாமல், வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கும் விதம் எப்படி மாறியது என்று ஓர் எடுத்துக்காட்டோடு காட்டுங்கள்.

அப்புறம், எங்கே அனுப்புவது? அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கத்தில் ஏ முதல் எல் வரை 12 பிரிவுகள். பல பிரிவுகள் தனித்தனியே ஆய்வேட்டு விருது தருகின்றன. உங்களுக்குப் பொருந்துவது கற்பித்தல், ஆசிரியர் கல்விக்கான கே பிரிவு. புள்ளியியல் கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று அளவீட்டுக்கான டி பிரிவுக்குப் போக வேண்டாம்.

பெயர் மறைத்த மதிப்பீடு என்றால் நன்றியுரையையும், கோப்பின் பண்புகளில் ஒட்டியிருக்கும் உங்கள் பெயரையும்கூட நீக்குங்கள். தகுதிக் காலத்துக்குக் கணக்கு வாய்மொழித் தேர்வுத் தேதியா, பட்டம் பெற்ற தேதியா என்று விதியில் பாருங்கள். நெறியாளரிடம் பரிந்துரைக் கடிதத்தை இப்போதே கேட்டுவிடுங்கள்; கடைசி வாரத்தில் அவர் கையில் சிக்கமாட்டார்.