அது சூட்டுக்கட்டி இல்லை, தம்பி

கேள்வி: வயது 23. குடியாத்தம் – காட்பாடி லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். வால் எலும்புப் பக்கம், பின்புறப் பிளவில் ஒரு கட்டி வருகிறது, உடைந்து சீழ் வடிந்து ஆறுகிறது, இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்கிறேன். அம்மா சூட்டுக்கட்டி என்கிறார், நண்பன் பவுத்திரம் என்கிறான். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: வேலூர் வெயிலில் எது வந்தாலும் சூடு என்று சொல்லி எண்ணெய்க் குளியலோடு முடித்துவிடுவது நம் வழக்கம், அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே இடத்தில் வந்து, உடைந்து, ஆறி, மறுபடி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, படித்ததும் எனக்குத் தோன்றியது பைலோனிடல் சைனஸ், அதாவது தோலுக்குள் முடி புகுந்து உண்டாகும் சீழ்க்குழி. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். டாக்டர் பார்த்தால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும்: பிளவின் நடுக்கோட்டில் ஊசி குத்தியது போல ஒன்றிரண்டு ஓட்டை இருக்கும், சிலருக்கு அதிலிருந்து முடிகூட எட்டிப் பார்க்கும்.

பவுத்திரம் வேறு. அது ஆசனவாய்க்குள்ளிருந்து புறப்படுவது. இதற்கும் குடலுக்கும் சம்பந்தமே இல்லை.

எல்லாம் முடி செய்யும் வேலை. உதிர்ந்த முடி பிளவில் சேருகிறது, வியர்வையில் ஊறிய தோலை, நாள் முழுக்க உட்கார்ந்து குலுங்குகிற அழுத்தத்தில் குத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறது, அப்புறம் அங்கே சீழ் பிடிக்கிறது. முடிவெட்டும் தொழிலாளர்களுக்கு விரலிடுக்கில் இதே நோய் வரும், அங்கே குத்துவது வாடிக்கையாளரின் முடி! இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இதனால் ஆஸ்பத்திரியில் படுத்ததால் ‘ஜீப் நோய்’ என்றே ஒரு பெயர் வந்தது. லோடு ஆட்டோ ஜீப்புக்குத் தம்பி முறைதானே.

மாத்திரை கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். உள்ளே முடியும் அந்தக் குழிப்பாதையும் இருக்கும்வரை திரும்ப வரும். நீங்களே பிதுக்காதீர்கள். உட்கார முடியாத வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே போய்க் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். அது முதலுதவி மாதிரி. முழுத் தீர்வுக்குப் பலருக்கு ஆபரேஷன் தேவைப்படும். வெட்டியெடுத்துப் புண்ணைத் திறந்தே விட்டால் ஆற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், தினமும் டிரெஸ்ஸிங். தைப்பதாக இருந்தால், சரியாக நடுக்கோட்டிலேயே தையல் விழுந்தால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்; பக்கத்துத் தோலைத் திருப்பி வைத்து, தையலை நடுவிலிருந்து தள்ளிப் போடும் ‘ஃப்ளாப்’ முறை மேல். உங்களுக்கு எது ஒத்துவரும் என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் போதும். கூச்சமெல்லாம் உங்களுக்குத்தான், அவர்களுக்கு இது வாடிக்கையான கேஸ்.

ஆறிய பிறகும் அந்த இடத்தில் முடி சேரவிடக் கூடாது, லேசரில் முடி நீக்கிக்கொள்வது பலருக்கு உதவுகிறது. குளித்ததும் நன்றாகத் துடையுங்கள், ஓட்டும்போது நடுவில் இறங்கி நடங்கள்.

கல்யாண விஷயம்: இது பால்வினை நோய் இல்லை, யாருக்கும் தொற்றாது, குழந்தை பிறப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தேதி குறிப்பதற்கு முன்னால் ஆபரேஷனை முடித்துப் புண்ணையும் ஆற்றிக்கொள்ளுங்கள், மணையில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்குமே.