குடியிருந்தவர் இறந்துவிட்டார், வீட்டுக்காரர் என்ன செய்யலாம்? (கேள்வி பதில்)

வாடகைக்கு இருந்தவர் இறந்தபின் வரும் சிக்கல்களைப் பற்றி வீட்டு உரிமையாளர்கள் கேட்டவையும், சென்னையில் வாடகை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரின் பதில்களும். இவை தமிழ்நாட்டுக்குப் பொருந்துபவை.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: மாடி போர்ஷனில் தனியாக இருந்த பெரியவர் இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை. போலீஸை வரவழைத்துத் திறந்தோம், இறந்து கிடந்தார். மகன் வந்து உடலை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். சாமான் அப்படியே கிடக்கிறது. ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வேறு ஆளுக்கு விடலாமா சார்?

இப்போதைக்கு விடாதீர்கள். போலீஸை வைத்துத் திறந்தது நல்ல காரியம். தனியாக இருந்தவர் இறந்து கிடந்தால் போலீஸ் விசாரணை நடக்கும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194). அவர்கள் 'முடிந்தது' என்று சொல்லும்வரை அறையைக் கழுவக்கூட வேண்டாம். அந்த அவசரம் எல்லோருக்கும் வருகிறது, பிறகு தடயத்தை அழித்தீர்களா என்ற கேள்வியும் வருகிறது.

அடுத்தது சாமான். குடியிருந்தவர் இறந்ததும் வீடு தானாக நம் கைக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறோம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 111-வது பிரிவில் குத்தகை முடியும் வழிகள் வரிசையாக இருக்கின்றன, குத்தகைதாரரின் மரணம் அதில் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நம் 2017 வாடகைச் சட்டமும், ஒப்பந்தத்தில் மீதமுள்ள காலத்துக்கு வாடகை உரிமை வாரிசுக்குப் போகும் என்கிறது. முதலில் கணவன் அல்லது மனைவி, பிறகு பிள்ளைகள், பெற்றோர், இறந்த மகனின் மனைவி. அவர்கள் கடைசிவரை அவரோடு அங்கே இருந்தவர்களாக இருக்க வேண்டும்.

உங்கள் கதையில் மகன் வெளியூர். குடியிருக்கும் உரிமை அவருக்குக் கிடைப்பது கடினம், ஆனால் பெட்டியும் பீரோவும் வாரிசுகளுடையவை. அவரைக் கூப்பிட்டு ஒரு தேதி வையுங்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் பட்டியல் போட்டு, வீடியோ எடுத்து, 'சாமானைப் பெற்றுக்கொண்டு வீட்டை ஒப்படைத்துவிட்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். அதுவரை பீரோவைத் திறக்காதீர்கள். உள்ளே நகையே இல்லாவிட்டாலும் 'இருந்ததே' என்று ஒருவர் சொன்னால் போதும், அலைய வேண்டியது நீங்கள்தான்.

அட்வான்ஸை மனைவி கேட்கிறார், இறந்தவரின் அம்மாவும் கேட்கிறார். யாரிடம் கொடுப்பது?

ஒருவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். உயில் எழுதாத இந்து ஆணுக்கு மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோரும் முதல் நிலை வாரிசு. (தந்தை அதில் இல்லை, பலருக்கும் இது தெரிவதில்லை.) தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள், அதில் உள்ள அத்தனை பேரிடமும் கூட்டாக ரசீது வாங்குங்கள். அவர்களுக்குள் தகராறு என்றால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று பெற்று வரச் சொல்லுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். ஆகவே பணம் தயாராக இருப்பதை உடனே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாடகை பாக்கி, கரண்ட் பில், உண்மையான சேதம் இவற்றைக் கழிக்கலாம்.

அவிட்ட நட்சத்திரத்தில் இறந்தார், ஆறு மாதம் அடைப்பு, அதாவது இறந்த இடத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்கிறார் ஜோசியர். கீழ்வீட்டில் நாங்கள் இருக்கிறோம். குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லலாமா? ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்தபோதே வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

சட்டத்துக்கு நட்சத்திரம் கிடையாது அம்மா. மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே இருந்தவர்கள் என்றால் ஒப்பந்தக் காலம் முடியும்வரை அது அவர்கள் குடியிருக்கும் வீடு. உடலைக் கொண்டுவர உங்கள் அனுமதி தேவையில்லை. அவர்களாக விரும்பி வேறு வீடு பார்த்தால் அது வேறு பேச்சு. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி விரட்டப் பார்த்தால் வாடகைச் சட்டமே குறுக்கே நிற்கும். பூட்டுப் போட்டு வெளியே தள்ளினால் அவர்கள் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம், குறித்தவகை நிவாரணச் சட்டம் 6-வது பிரிவு. பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத வீட்டில் போய் இதைப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோவையில் கடை. அப்பா இறந்தார், மூன்று மகன்கள், நடத்துவது ஒருவர். நான்கு மாத வாடகை பாக்கி. நோட்டீஸ் யாருக்கு?

கடை வாடகை உரிமையும் வாரிசுகளுக்குப் போகும் என்று 1985-இல் கியான் தேவி ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. வாரிசுகள் எல்லோரும் கூட்டு வாடகைதாரர்கள், ஒருவருக்கு நோட்டீஸ் போனாலே போதும் என்று 1989-இல் எச்.சி. பாண்டே வழக்கில் வந்தது. இருந்தாலும் நான் மூன்று பேருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்வேன். பிற்பாடு 'எனக்குத் தெரியாது' என்று ஒருவர் தனியாக வந்து நிற்பார். இரண்டு மாத பாக்கி இருந்தாலே வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணம் போய்விடும். அப்பா காலத்து பாக்கியை அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் மகன்களிடம் வசூலிக்க முடியும்.

ஒப்பந்தமே எழுதவில்லை, வாய்ப்பேச்சுதான்.

எழுத்தில் ஒப்பந்தம் போடாததையே வெளியேற்றுவதற்கான ஒரு காரணமாக 2017 சட்டம் வைத்திருக்கிறது. வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள்.

எட்டு லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டிருந்தேன். அவர் போய்விட்டார், பணம் இப்போது என்னிடம் இல்லை.

அந்தப் பணம் உங்கள் கடன், அவர் இறந்ததால் குறையாது. வாரிசுகளுக்கு முழுதாகத் திருப்ப வேண்டும், அதுவரை சாவியை எதிர்பார்க்காதீர்கள். பத்திரம் பதிவாகியிருந்தால் எல்லா வாரிசுகளும் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். வாரிசுகளில் மைனர்கள் இருந்தால் வக்கீலோடு போங்கள்.

திருவல்லிக்கேணி மேன்ஷன். ரூமில் ஒருவர் இறந்தார். இறப்பைப் பதிவு செய்ய வேண்டியது யார்?

மேன்ஷனைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அதாவது நீங்களோ மேனேஜரோ. 21 நாளுக்குள், இறந்த இடத்தின் பதிவாளரிடம். சொந்த ஊரில் செய்துகொள்வார்கள் என்று விட்டுவிட முடியாது.

தற்கொலை நடந்த வீடு. அடுத்து யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். நஷ்டத்தை அட்வான்ஸில் பிடிக்கலாமா? புதிதாக வருபவரிடம் சொல்ல வேண்டுமா?

பிடிக்க முடியாது. வீட்டின் பெயர் கெட்டது வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி இல்லை. சொல்லியே தீர வேண்டும் என்று தனி விதி எதுவும் கிடையாது. ஆனால் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். எப்படியும் எதிர்வீட்டுக்காரர் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்.

யாருமே இல்லாத மனிதர். உறவு என்று ஒருவரும் வரவில்லை. எத்தனை நாள் பூட்டியே வைப்பது?

ஆதார், ஒப்பந்தம் இவற்றில் உள்ள முகவரிக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்புங்கள். கதவிலும் ஒட்டிப் போட்டோ எடுங்கள், கையில் கொடுக்க ஆளில்லாதபோது கட்டடத்தில் ஒட்டுவதை சொத்து மாற்றுச் சட்டம் 106-வது பிரிவு ஏற்கிறது. பிறகு நீதிமன்ற உத்தரவோடு திறந்து பட்டியல் போடுங்கள். வாரிசே இல்லாத இந்துவின் சொத்து அரசுக்குப் போகும், வீட்டுக்காரருக்கு அல்ல. வங்கிப் புத்தகம், நகை மாதிரி மதிப்புள்ளவை இருந்தால் தமிழ்நாடு அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் அலுவலகத்துக்கு எழுதுங்கள், கேட்பாரற்ற சொத்தைப் பொறுப்பேற்க ஏற்பட்ட அலுவலகம் அது. வாடகை பாக்கி இருந்தால் கணக்கையும் அந்தக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள்.